மாத்திரை எழுதாத டாக்டரம்மாவும் ஒரு கையெழுத்தும்

டாக்டரம்மா டாக்டர் இல்லை. இதை அவரே ஆயிரம் முறை சொல்லியாயிற்று, யாரும் கேட்டபாடில்லை. அவர் பெரிய மனநல மருத்துவமனையில் பயிற்சி பெற்று வந்த உளவியலாளர். ஊசி போட மாட்டார், மாத்திரை எழுத மாட்டார், நாக்கை நீட்டச் சொல்ல மாட்டார். எதிரில் உட்கார்ந்து கொஞ்சம் பேசுவார், அதைவிட நிறையக் கேட்பார். முக்கால் மணி நேரம் மனதைக் கொட்டி அழுது முடித்துவிட்டு, போகும்போது கதவைப் பிடித்தபடி, ஒரு சத்து மாத்திரையாவது எழுதித் தரக்கூடாதா என்று கேட்கிறவர்கள் இன்றும் உண்டு. கீழ்த்தளத்துப் பல் டாக்டர் முதல் டீக்கடைக்காரர் வரை அந்தக் கட்டடம் முழுக்க அவருக்கு 'மாத்திரை எழுதாத டாக்டரம்மா' என்று பேர் விழுந்துவிட்டது. மறுத்து மறுத்து அலுத்துப்போய், இப்போதெல்லாம் டாக்டரம்மா என்று யாராவது கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்த்துவிடுகிறார். நாமும் அப்படியே கூப்பிட்டுக்கொள்வோம்.

அவருக்கு ஒரு கோளாறும் உண்டு. சிரிப்பு. வரக்கூடாத இடத்தில், வரக்கூடாத நேரத்தில், வயிற்றிலிருந்து கிளம்பி வந்துவிடும். துக்க வீட்டில் வந்திருக்கிறது. தன் கல்யாணத்தில் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்ததும் வந்திருக்கிறது. அந்த மாப்பிள்ளை, பாவம், இன்றுவரை காரணம் தெரியாமல் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறார். இந்தத் தொழிலுக்குச் சிரிப்பு ஆகாது என்பதால் கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொள்ளப் பழகியிருக்கிறார். எதிரில் இருப்பவர்கள் அதைப் பார்த்து, எவ்வளவு ஆழமாக யோசிக்கிறார் என்று மெச்சிக்கொள்வார்கள்.

இந்தப் படிப்பை அவர் தேடிப் போகவே இல்லை. கல்லூரியில் வேதியியல் சேரத்தான் போனார். அந்த வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நெளிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் உளவியல் சேர்க்கை ஜன்னலில் ஈ காக்கை இல்லை, மேலே ஃபேன் மட்டும் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. சற்றே காற்று வாங்கலாம் என்று அதன் கீழே போய் நின்றார். காலையிலிருந்து ஆளே வராமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த குமாஸ்தா, விட்டால் போய்விடுவாளோ என்ற பயத்தில், விண்ணப்பத்தைக் கையில் திணித்துப் பேனாவையும் திறந்து கொடுத்துவிட்டார். இதைப் படித்தால் என்ன கிடைக்கும் என்று வீட்டில் அப்பா கேட்டபோது, ஃபேன் கிடைத்தது என்று மகள் உண்மையைச் சொன்னாள். அப்பாவுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை.

மருத்துவமனைப் பயிற்சியின் முதல் நாள் இன்னும் மோசம். அடையாள அட்டை இன்னும் கைக்கு வரவில்லை. பெண்கள் வார்டில் நுழைந்தவரை, புதிதாகச் சேர்ந்த நோயாளி என்று நினைத்து உதவியாளர் கையைப் பிடித்துச் சாப்பாட்டு வரிசையில் உட்கார வைத்துவிட்டார். நான் பயிற்சிக்கு வந்தவள் என்று இவர் சொன்னார். ஆமாம்மா, இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று உதவியாளர் பிரியமாக முதுகைத் தட்டினார். அதைக் கேட்டதும் இவருக்குச் சிரிப்புப் பீறிட்டுக்கொண்டு வந்தது. அடக்க அடக்கக் கூடியது. அதோடு யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லாமல் போய்விட்டது.

பக்கத்தில் இருந்த பெண்மணி மட்டும் நகர்ந்து இடம் விட்டார். தன் தட்டிலிருந்து பாதியை எடுத்து இவர் தட்டில் வைத்தார். "முதல் நாள் இப்படித்தாம்மா இருக்கும். மெதுவா சாப்பிடு," என்றார். பேராசிரியர் தேடிக்கொண்டு வந்து மீட்பதற்குள் இவர் சாப்பிட்டு முடித்து, அந்தப் பெண்மணியோடு சேர்ந்து தட்டையும் கழுவியிருந்தார். அதற்கப்புறம் எத்தனையோ தடிப் புத்தகங்களைக் கரைத்துக் குடித்தார். ஆனால் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் என்ன சொல்வது என்பதை அந்த வார்டில்தான் கற்றுக்கொண்டேன் என்று கூச்சமில்லாமல் சொல்வார்.

அவர் வேலை செய்கிற முறை பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பயந்தவர்களுக்கு ஓர் ஏணி போட்டுக் கொடுப்பார். கீழ்ப்படியில் கொஞ்சம் பயம், மேல்படியில் உயிரே போகிற பயம். ஒவ்வொரு படியாக, பழகப் பழக ஏற வேண்டும். இதை எல்லா உளவியலாளர்களும் செய்வார்கள். இவரிடம் உள்ள வம்பு என்னவென்றால், தான் செய்யாத எதையும் வருகிறவர்களைச் செய்யச் சொல்ல மாட்டார். நாலு பேர் சிரித்துவிடுவார்களோ என்று கடைக்குப் போகவே அஞ்சிய ஒரு வாத்தியாருக்காக, முதலில் தானே செருப்புக் கடைக்குப் போய் அரைக் கிலோ வெங்காயம் கேட்டார். கடைக்காரர் ஒரு கணம் விழித்துவிட்டு, என்ன சைஸ் என்று கேட்டார். கரப்பான்பூச்சிக்குப் பயந்த ஒருவருக்காக ஒரு கரப்பானைப் பிடித்துத் தீப்பெட்டியில் அடைத்து வைத்திருந்தார். அடுப்புப் பற்ற வைக்கப் போன கணவர் அந்தத் தீப்பெட்டியைத் திறந்தார். இப்போது அவருக்கும் தனியாக ஓர் ஏணி ஓடிக்கொண்டிருக்கிறது.

சிரிப்பும் கூத்தும் இப்படி இருந்தாலும், ஒரு விஷயத்தில் டாக்டரம்மா இரும்பு. அந்த அறையில் கேட்டது அந்த அறையைத் தாண்டாது. தெருவில் எதிரே வந்தாலும், அவர்களாகப் பேசினால் ஒழிய இவருக்கு அவர்கள் யாரோ எவரோ. கணவரிடம்கூட மூச்சு விட மாட்டார்.

லிஃப்ட் மெக்கானிக் அவரிடம் வந்து சேர்ந்தது தற்செயல்தான். அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பழுது பார்க்க வருகிறவர் அவர். முப்பது தாண்டிய, வாட்டசாட்டமான ஆள். பதினைந்து மாடிக் குழிக்குள் ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டு, வாயில் ஸ்குரூவைக் கவ்வியபடி பாட்டுப் பாடுவார். அப்படிப்பட்டவர், வேலை முடிந்ததற்கான ரசீதில் கையெழுத்துப் போட மட்டும் உச்சி மாடி மெஷின் ரூமுக்கு ஏறிப் போய்விடுவார். ஒருநாள் டாக்டரம்மாவின் வரவேற்பறையில் டோக்கன் கொடுக்கும் பெண்மணி, எல்லாரும் டோக்கன் அக்கா என்று கூப்பிடுகிறவர், இங்கேயே போடுங்கள் என்று பேனாவை நீட்டினார். மெக்கானிக்கின் முகம் வெளிறிவிட்டது. அக்கா கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்களா என்று கெஞ்சினார். டோக்கன் அக்கா திரும்பிக்கொண்டார். திரும்பின கையோடு உள்ளே போய் டாக்டரம்மாவிடம் சொல்லியும்விட்டார்.

விஷயம் இதுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பதிவேட்டில் அவர் போட்ட கையெழுத்தைப் பார்த்து, மேலதிகாரி எல்லாருக்கும் கேட்கும்படி, இது கையெழுத்தா, கோழி கிளறினதா என்று கேட்டிருக்கிறார். ஒரு கூடமே சிரித்தது. அன்றிலிருந்து யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அவர் கை பேனாவைப் பிடித்ததும் நடுங்கத் தொடங்கிவிடும். இதை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பார். ஆனால் நடுவில் ஒரு காதல் வந்துவிட்டது.

அந்தப் பெண் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியில் பயிற்சியாளர். தைரியசாலி. லாரிக்கு நேராக வண்டியைத் திருப்பும் மாணவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பதறாமல் காப்பாற்றுகிறவள். பதிவுத் திருமணம் என்று முடிவாகி, இரண்டு பேரும் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனார்கள். பதிவாளர் பேனாவை நீட்டினார். மெக்கானிக் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வெளியே போனவர் போனவர்தான். அலுவலகம் பூட்டும் வரை அவள் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எப்படியோ மன்னித்து இன்னொரு தேதி கொடுத்தாள். இந்தத் தடவையும் நடக்காவிட்டால் அதோடு சரி என்று தெளிவாகச் சொல்லியிருந்தாள். அந்தப் பயத்தில்தான் மெக்கானிக் டாக்டரம்மாவின் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

உண்மையை அவளிடம் சொல்லிவிடுங்கள் என்று டாக்டரம்மா முதல் நாளே சொன்னார். மெக்கானிக் பிடி கொடுக்கவில்லை. "அவங்க எதுக்கும் பயப்படாத ஆளு மேடம். ஒரு பேனாவுக்கு நடுங்குறவன்னு தெரிஞ்சா சிரிச்சிடுவாங்க." வேறு எந்தப் படியில் வேண்டுமானாலும் ஏறுகிறேன், அது மட்டும் வேண்டாம் என்று கும்பிடாத குறையாகக் கேட்டார். சொல்வதும் சொல்லாததும் அவர் உரிமை. டாக்டரம்மா வற்புறுத்தவில்லை.

ஏணி போட்டாயிற்று. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கையெழுத்து. டோக்கன் அக்கா முதுகு காட்டி நிற்க ஒன்று. டோக்கன் அக்கா முகம் காட்டி நிற்க ஒன்று. அங்கேதான் சிக்கியது. தலைகீழாக நின்றாலும் நடுக்கம் நிற்கவில்லை. கடைசியில் டாக்டரம்மா வழியைத் திருப்பினார். நடுங்கக்கூடாது என்று நினைக்காதீர்கள், வேண்டுமென்றே நடுங்குங்கள், உலகத்திலேயே கேவலமான கையெழுத்தைப் போடுங்கள் என்றார். வழக்கம்போல முதலில் தான் போட்டுக் காட்டினார். டோக்கன் அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் அதைவிடக் கேவலமாகப் போடுவேன் என்று பேனாவைப் பிடுங்கினார். டீ கொண்டுவந்தவரும் போட்டியில் சேர்ந்தார். யார் கையெழுத்து மகா மட்டம் என்பதில் நடுவர் யார் என்று சண்டையே வந்தது. டாக்டரம்மா கன்னத்தைக் கடிக்க மறந்து, மேஜையில் தலை கவிழ்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

மெக்கானிக்கும் முக்கி முனகி நடுங்கப் பார்த்தார். கை கேட்கவில்லை. நடுங்கு நடுங்கு என்று கெஞ்சக் கெஞ்ச அது அமைதியாகிக்கொண்டே போனது. சில வாரங்களில், காத்திருப்பவர்கள் அத்தனை பேரும் சுற்றி நின்று பார்க்க, வாலும் சுழியுமாக வழவழவென்று ஒரு புதுக் கையெழுத்தைப் போட்டுத் தள்ளினார். காகிதத்தில் போட்டார், பழைய பேப்பரில் போட்டார், லிஃப்ட் பாகங்கள் வந்த அட்டைப்பெட்டி மீதெல்லாம் போட்டார். டோக்கன் அக்கா கைதட்டினார். டாக்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மிதப்பில் ஒன்றைக் கோட்டை விட்டார். மெக்கானிக்கின் அடையாள அட்டையை ஒரு தடவை வாங்கிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பதிவு நாளன்று, யாரோ போலக் கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்திருக்க முடியுமா என்று மெக்கானிக் கேட்டிருந்தார். பேசக்கூடாது, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக்கூடாது என்ற பேச்சோடு டாக்டரம்மா போனார். பிறப்பு, இறப்பு, கல்யாணம் மூன்றையும் ஒரே அறையில் பதிகிற அலுவலகம். பதிவாளரின் மேஜை நடுவில், சுற்றிலும் பெஞ்சு. உங்களுக்கு என்ன வேண்டும் என்று பியூன் திடீரென்று கேட்கவும், தயாராக எதையும் யோசித்து வைக்காத டாக்டரம்மா, "இறப்புச் சான்றிதழ்," என்று உளறிவிட்டார். பக்கத்தில் இருந்த பெரியவர் யார் போனது என்று மெல்லக் கேட்டார். டாக்டரம்மாவுக்கு அடிவயிற்றில் அது புறப்பட்டுவிட்டது. கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். பெரியவர் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டி, எல்லாருக்கும் ஒருநாள் உள்ளதுதானே என்று தேற்றினார். தேற்றத் தேற்ற இவருக்குக் குலுங்கல் அதிகமானது.

அப்போது மேஜையில் பெயர் கூப்பிட்டார்கள். மெக்கானிக் புதுச் சட்டையில் எழுந்து போனார். பின்னால் அவள், அவளுடைய சித்தி, அவருடைய அண்ணன். பதிவாளர் பேனாவை நீட்டினார். மெக்கானிக் வாங்கினார், அறை முழுவதும் பார்க்கக் குனிந்தார், வாலும் சுழியுமாக ஒரே இழுப்பில் போட்டு நிமிர்ந்தார். டாக்டரம்மாவுக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது.

பதிவாளர் அடையாள அட்டையை எடுத்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அட்டையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். "இது உங்க கையெழுத்து இல்லையே."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அட்டையை மெக்கானிக் என்றைக்கு வாங்கியிருப்பார், எப்படிக் கையெழுத்துப் போட்டிருப்பார் என்பதெல்லாம் இப்போதுதான் உறைத்தது. ஓர் அதிகாரி உற்றுப் பார்க்க, பின்னால் வரிசை நெருக்க, கை வெடவெடக்கப் போட்ட கையெழுத்து அது.

அட்டையில் உள்ளதுபோல் போடுங்கள், மாதிரித் தாள் தருகிறேன் என்றார் பதிவாளர். மெக்கானிக் முயன்று பார்த்தார். வழவழவென்று வந்தது. மறுபடி முயன்றார். கையை உதறினார், தோளைக் குலுக்கினார், வேண்டுமென்றே கிறுக்கினார். கிறுக்கல்கூட அழகாக விழுந்தது. பழகின கை, பாவி, நடுங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணுக்கு எப்படித் தோன்றியிருக்கும். அவள் குரலை உயர்த்தவில்லை. "போன தடவை வயிறு. இந்தத் தடவை கையெழுத்தா? பிடிக்கலன்னா நேரா சொல்லியிருக்கலாமே," என்றாள். நாற்காலியில் இருந்த கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

ஒரே ஒரு வாக்கியம் போதும். டாக்டரம்மாவின் தொண்டை வரை வந்து நின்றது. அவர் நடிக்கவில்லை, குணமாகிவிட்டார், தப்பு என்னுடையது. அதைச் சொன்னால் கல்யாணம் நடந்துவிடும். ஆனால் அது டாக்டரம்மாவின் வாக்கியம் இல்லை, மெக்கானிக்கின் வாக்கியம். பாதி எழுந்தவர் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இத்தனை வருஷத் தொழிலில் வாயை மூடிக்கொண்டிருப்பது இவ்வளவு வலித்ததே இல்லை. மெக்கானிக் ஒரே ஒரு முறை இவர் பக்கம் பார்த்தார். இவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். பெரியவர் மறுபடி தண்ணீரை நீட்டினார்.

அவள் கதவுப் பக்கம் திரும்பிவிட்டாள். "கொஞ்சம் நில்லுங்க," என்றார் மெக்கானிக்.

"எனக்கு யாராவது பார்த்தா கை நடுங்கும். கையெழுத்துப் போட வராது. அன்னைக்கு அதனாலதான் ஓடினேன். உங்களைப் பிடிக்காம இல்ல. இந்த அட்டையில இருக்கறது நடுங்கின கையெழுத்து. இப்போ சரியாயிடுச்சு, அதனால ஒத்துப் போகல. பதினைஞ்சு மாடியில தொங்குறவன் பேனாவுக்குப் பயந்தான்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

சித்தி அண்ணனைப் பார்த்தார், அண்ணன் தரையைப் பார்த்தார். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று மெக்கானிக் நிமிர்ந்து நின்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்புக்குப் பேர்போன டாக்டரம்மாகூட.

அவள் திரும்பி வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்கினாள். "நான் தினமும் என்ன வேலை பண்றேன்னு தெரியுமா உங்களுக்கு? நடுங்குற கையைப் பிடிச்சு ஸ்டியரிங்ல வைக்கிறேன். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் அதான் பண்றேன். என்கிட்ட போய் மறைச்சீங்களே." கடைசி வார்த்தையில் அவளுக்குக் குரல் உடைந்தது. "அன்னைக்கு அந்த பெஞ்சுல உட்கார்ந்துக்கிட்டு, என்கிட்ட என்ன குறைன்னு நான் யோசிக்காத ஒண்ணு பாக்கி இல்ல."

மெக்கானிக்குக் கண் நிறைந்துவிட்டது. பேனாவை எடுத்தார். கை வெடவெடவென்று ஆடியது. பயத்தில் இல்லை. சந்தோஷம் தாங்காமல் ஆடியது. அப்படியே குனிந்து போட்டார். பதிவாளர் அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கோணல் அதே கோணல், இழுப்பு அதே இழுப்பு.

"இதுதான். முதல்லயே இப்படிப் போட்டிருக்கலாம்ல," என்று சலித்துக்கொண்டே முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

பெஞ்சில் டாக்டரம்மா கைக்குட்டைக்குள் புதைந்து, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவருக்கே தெரியாத ஒரு நிலையில் இருந்தார். இரண்டும்தான். பெரியவர் எதற்கும் இருக்கட்டும் என்று தோளைத் தட்டிக்கொடுத்தார்.

பிறகு அவள் முறை. லாரிக்குப் பதறாதவள் பேனாவை எடுத்தாள், மூக்கை உறிஞ்சினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். பதிவாளர் அவளுடைய அட்டையை எடுத்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். பெருமூச்சு விட்டார்.

"இது ஒத்துப் போகலையேம்மா."

அவள் திகைத்துத் தன் விரல்களைப் பார்த்தாள். அவை ஆடிக்கொண்டிருந்தன. மெக்கானிக் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தார். பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டு, அறை முழுவதும் கேட்கும்படி பதிவாளரிடம் சொன்னார்.

"அவங்களுக்குக் கை நடுங்குது சார். மெதுவா எழுதட்டும். நாங்க எங்கயும் ஓடிட மாட்டோம்."